ஐந்தரைக்கு மேல் அனுப்பவும்

9 ஜூன் 2025, திங்கள்

பிரீத்தி மேடம் இன்று புது வேலை ஒன்று கொடுத்தார். முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சியின் மகள். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஐந்து, பத்து, பதினைந்து என்று ஆண்டு முடிப்பவர்களுக்கு அவரவர் பெயரும் படமும் போட்டு ஒரு வாழ்த்து அட்டை. எல்லோருக்கும் ஒரே அட்டை கூடாதாம், ஆளுக்கு ஒரு டிசைன். சேர்ந்த தேதி வரும் அன்று காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். பிறகு ஆர்ட் பேப்பரில் அச்சடித்துக் கையிலும் கொடுக்க வேண்டும்.

"புஸ்வாணப் பெட்டிக்கு அம்புட்டு அழகா லேபிள் போடுறோம் எழில். அதைச் செய்றவங்களுக்கு நாம ஒண்ணுமே போட்டதில்ல" என்றார். நல்ல எண்ணம்தான். மூன்று மாதமாக நான் போடுவது லேபிள் மட்டுமே. மாற்றமாக இருக்கும்.

பட்டியல் அனுப்பினார். இந்த ஆண்டு அறுபத்து மூன்று பேர், தேதி வரிசையில். மவுஸை உருட்டிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்றாம் வரிசை: செல்வக்குமார், போர்மேன், விஸ்வநத்தம் யூனிட், சேர்ந்த தேதி 1.9.2015. பத்து ஆண்டுகள்.

என் வீட்டுக்காரர். பட்டியலில் போன் நம்பருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, 'அவசரத்துக்கு அழைக்க' என்று. அவர் பெயருக்கு எதிரே என் நம்பர்.

10 ஜூன்

பாப்பாவுக்கு இருமல். பால்வாடிக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாதோ?

12 ஜூன், வியாழன்

அட்டைக்கு அடிப்படை மாதிரி முடிந்தது. நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஆளின் படம். சுற்றிலும் தங்க நிற ஓரம். மைக் கலவை: மெஜந்தா முப்பது, மஞ்சள் எண்பத்தைந்து. திருத்தங்கல் பிரஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்த அதே தங்கம். கீழே உதிர்ந்த பூவிதழ்கள். படத்துக்கு அடியில் பெயர், அதற்கும் அடியில் சேர்ந்த தேதி, ஒரு சிறு கோடு, இன்றைய தேதி. கடைசியில் ஒரு வாசகம். நான்கு எழுதிக் காட்டினேன். மேடம் தேர்ந்தெடுத்தது: 'உங்கள் உழைப்பை என்றும் போற்றுவோம்'.

"ரொம்ப கிளாஸா இருக்கு எழில். சத்தமே இல்லாத டிசைன்" என்றார்.

படத்துக்குத்தான் திண்டாட்டம். ஆபீஸ்காரர்கள் சுவர் ஓரம் நின்று சிரித்தார்கள், எடுத்துவிட்டேன். யூனிட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேமராவும் கூடாது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான். யாரும் சிரிக்காத படம்.

13 ஜூன்

முதல் அட்டை அக்கவுண்டன்ட் நவநீதகிருஷ்ணன் சாருக்கு. இருபது ஆண்டு. ஆபீஸ் குரூப்பில் போட்டதும் கைதட்டலாக வந்து விழுந்தது. மத்தியானத்துக்குள் அதையே தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். சம்சாரம் போன் பண்ணி, "இவ்வளவு லட்சணமா இருப்பீகளா?" என்று கேட்டார்களாம். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்து யூனிட். அவர்களுக்குக் குரூப் கிடையாது, யூனிட் ஆட்கள் எல்லோரும் உள்ள முழுப் பட்டியலின் அவசர நம்பர்களை வைத்து நானே ஒன்று ஆரம்பிக்க வேண்டும்.

16 ஜூன், திங்கள்

காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் போனை யூனிட் கேட்டில் கொடுப்பார். வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணன் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார், புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளோடு. ஒவ்வொன்றுக்கும் நம்பர். இவருடையது பதினேழு. மாலை ஐந்தரைக்குத் திரும்ப எடுப்பார். நடுவில் ஒன்பதரை மணி நேரம். கல்யாணமாகி நான்கு வருடமாக இந்த ஒன்பதரை மணி நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொன்றுக்கு ஒருமுறை ஜன்னல் பக்கம் போய் விஸ்வநத்தம் திசையில் பார்ப்பது வழக்கம். புகை இல்லை என்றால் வந்து உட்காருவேன். ஏதாவது வேலையாக எழுந்த மாதிரிதான் எழுவேன். ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

என் பழைய பிரஸ் முதலாளி விக்னேஷ்வரன் சார் மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறார். கட்டிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் வேண்டும், செல்வக்குமார் வந்தால் நாளைக்கே சேர்த்துக்கொள்வாராம். சாப்பிடும்போது சொன்னேன்.

"பத்து முடியட்டும் எழிலு" என்றார்.

பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, பத்து என்றால் பத்துதான் என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே உண்மைக் காரணத்தைச் சொன்னார். "நான் எந்திரிச்சு வந்துட்டா அந்த ரூம்ல யாரு உக்காருவா? கை தெரியாதவன் மருந்து கலந்தா என்னாகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் கேட்டேன்.

18 ஜூன்

பிளேட்டில் மஞ்சள் மை தூக்கலாகிவிட்டது. ஆயிரம் லேபிள் வீண். தப்பு என்னுடையது இல்லை, மெஷினுடையது.

21 ஜூன், சனி

யூனிட்டின் முதல் அட்டை வள்ளித்தாய் அக்காவுக்கு. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் பகுதி. பதினைந்து ஆண்டு, 24.6.2010 அன்று சேர்ந்தவர். ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம்.

அடையாள அட்டைப் படத்தில் பின்னணி வெறும் சுவர், கண் பாதி மூடியிருந்தது. கண்ணைத் திறந்து வைத்தேன். சுவரை வெட்டி எடுத்துவிட்டு லேசான வானநீலத்தைப் பின்னால் போட்டேன். முகம் தெளிந்து வந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளபடியே நன்றாக இருக்கிறது. இப்படி ஒரு படம் அவரிடம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

'விஸ்வநத்தம் குடும்பம்' என்று குரூப் ஆரம்பித்து நம்பர்களைச் சேர்த்தேன். நூற்று எண்பது பேர். என்னையும் அதில் சேர்த்தேன், இவர் பெயருக்கு எதிரே உள்ள நம்பர் என்னுடையதுதானே.

24 ஜூன், செவ்வாய்

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். இன்றைக்கு இதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

25 ஜூன், புதன்

லீவு போட்டேன். பாப்பா தூங்குகிறாள். நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் தலையை விட்டுப் போகும் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் காலை ஒன்பதேகாலுக்கு வள்ளித்தாய் அக்கா அட்டையைக் குரூப்பில் போட்டேன். பிறகு ஒரு ராக்கெட் லேபிளுக்கு எழுத்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணி வாக்கில் நவநீதகிருஷ்ணன் சாருக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்காரர் யாரோ போன் பண்ணினார். சார் எழுந்து நின்று பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. "விஸ்வநத்தத்துல நம்ம யூனிட்ல ஏதோ ஆயிருச்சுங்காங்க. இருங்கம்மா, கேட்டுக்கு அடிச்சுப் பாக்கேன்" என்றார். கேட் லைன் பிஸி. மறுபடியும் பிஸி.

நான் ஜன்னலுக்குப் போகவில்லை. நேரே படி இறங்கி ஆட்டோவில் ஏறிவிட்டேன். பையை எடுக்கவில்லை. வழியில் என்ன நினைத்தேன் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தால், பன்னிரண்டரைக்குப் பால்வாடியிலிருந்து பாப்பாவை யார் கூட்டி வருவது என்பதுதான் வருகிறது. வேறு எதுவும் வரவில்லை. அப்படியும் இருக்குமா?

கேட்டுக்கு வெளியே இரண்டு லோடு வண்டி நிறைய ஆட்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். புகை இல்லை. புகை இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, அதுவும் தெரியும். உள்ளே ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சங்கிலிமுத்து அண்ணன் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். "ஒண்ணும் நடக்கலய்யா, சாமி சத்தியமா ஒண்ணும் நடக்கல."

"எப்பவும் அப்படித்தானவே சொல்லுவீக" என்றார் ஒருவர்.

நானும் அந்தக் கூட்டத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இதை அனுப்பிட்டு ஒண்ணும் நடக்கலங்கீகளே, இது என்னய்யா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன்.

தங்க ஓரம். மெஜந்தா முப்பது, மஞ்சள் எண்பத்தைந்து.

அங்கே சிக்னல் சரியாக இல்லை, படம் முழுதாக இறங்காமல் மங்கலாகவே நின்றது. மேலே மெல்லிய எழுத்தில் நான் போட்ட 'வாழ்த்துகள்' மஞ்சளோடு மஞ்சளாகக் கலந்துவிட்டிருந்தது. தெரிந்ததெல்லாம் நீல வானத்துக்கு முன்னால் ஒரு முகம், உதிர்ந்த பூ, பெயர், இரண்டு தேதி, நடுவில் ஒரு கோடு. இரண்டாவது தேதி இன்றைய தேதி. இந்த மாதிரி கண்ணீர் அஞ்சலியை இந்தப் பக்கத்துச் சுவர்களில் எத்தனை பார்த்திருப்பேன். திருத்தங்கல் பிரஸ்ஸில் இருந்தபோது அவசரம் அவசரமாக நானே எத்தனை செய்து கொடுத்திருப்பேன்.

அதுவும் கம்பெனியிலிருந்து, அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த நம்பருக்கு.

சட்டைக்காரர்தான் வள்ளித்தாய் அக்கா வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி. லோடு வண்டி ஓட்டுகிறார். பார்த்த உடனே அக்காவுக்கு அடித்திருக்கிறார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார், போன் பெட்டியில். அவர் மைத்துனனுக்கு அடிக்க, மைத்துனன் இன்னொருத்தருக்கு அடிக்க, கொஞ்ச நேரத்தில் யூனிட்டில் உள்ள எல்லோருடைய வீட்டிலிருந்தும் அடித்திருக்கிறார்கள். மரப்பெட்டி மொத்தமும் ஒரே நேரத்தில் அலறியது என்று சங்கிலிமுத்து அண்ணன் பிறகு சொன்னார். அடுத்தவர் போனை அவர் தொடக் கூடாது என்பது விதி. தொடவில்லை. "ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் வந்துட்டும்மா, உள்ள திரும்பிப் பாத்துக்கிட்டேன்" என்றார்.

இது வாழ்த்து, நான்தான் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன்? அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடம் அவர் அழுதுகொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உள்ளேயிருந்து இவர் வந்தார். கூடவே வள்ளித்தாய் அக்கா. முகம், கை, தலைத்துண்டு எல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளியாக மின்னிக்கொண்டு. அதைப் பார்த்து முன்வரிசையில் இரண்டு பெண்கள் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

ஆண்டிச்சாமி கம்பிக்குள் கையை விட்டு அக்கா தோளைத் தொட்டார். கையெல்லாம் வெள்ளியானது.

"ஏளா. இருக்கியா?"

"எங்க போவேன்? டிபன் பாக்ஸைக்கூட இன்னும் திறக்கல" என்றார் அக்கா.

ஆண்டிச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். "இது ஆரு, நானா?" என்று கேட்டார். நான் சொன்னேன். எவ்வளவு சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் அடிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் என் பக்கத்தில் காறித் துப்பிவிட்டு வண்டியில் ஏறினாள்.

இவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எழிலு, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். ஒரு காலில்தான் இருந்தது.

26 ஜூன், வியாழன்

அண்ணாச்சி ரூமில் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "வாழ்த்துதானம்மா அடிக்கச் சொன்னோம்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கோம்லா, அது போதாதா?" என்றார்.

தேர்ந்தெடுத்தது நான்தான், எழில் மீது தப்பு இல்லை என்று மேடம் சொன்னார். அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் கோயம்புத்தூரில் இருந்துவிட்டு வந்தவர். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்பதரை மணி நேரம் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அதனால் தப்பு என்னுடையதுதான். அதை அங்கே சொல்லவில்லை, வேலை வேண்டும். இங்கே எழுதுகிறேன்.

குரூப்பைக் கலைத்துவிட்டேன். வள்ளித்தாய் அக்கா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லையாம்.

29 ஜூன், ஞாயிறு

வண்டியில் வெம்பக்கோட்டைக்குப் போனோம், பாப்பாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. நான்தான் போக வேண்டும் என்றேன்.

ஆண்டிச்சாமி வாங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா காபி போட்டுக் கொடுத்தார். வேலைக்குப் போகக் கூடாது என்று வீட்டுக்காரரும் பையனும் ஒரே பிடிவாதமாம். "வீட்ல கெடந்தா காலு வலிக்கு தாயி. அவுகளுக்குக் கோவம் எறங்கட்டும், நான் வருவேன். ஒரு வாரம், பத்து நாளு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. பாப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டே வேறு ஒன்று சொன்னார்.

"அன்னைக்கு எங்க நாத்தனா கேட்டுல உக்காந்து என்ன சொல்லி அழுதான்னு தெரியுமா? மகராசி, ஒரு நாளும் என்னை எதுத்துப் பேசினதில்லன்னு. பதினெட்டு வருசமா நாங்க ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையே கெடையாது."

சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

அட்டையை வேறு மாதிரி செய்து தருகிறேன், எப்படி வேண்டும் என்று கேட்டேன். யோசித்தார். "தனியாப் போடாத. எங்க செட்டுப் பொம்பளைகளோட போடு. அப்புறம் ஒரு தேதி போதும், சேர்ந்த தேதி. அடுத்த தேதியப் போடாத, அது எதுக்கு நமக்கு?"

கிளம்பும்போது ஆண்டிச்சாமி வாசலுக்கு வந்தார். இவரிடம்தான் பேசினார். "நீங்க அவளக் கூட்டிட்டு வந்தீகள்லா, அதுக்கு முன்னால கா மணி நேரம். அதை நீங்க பாக்கல" என்றார். அவ்வளவுதான்.

அணைக்கட்டுப் பக்கம் வரும்போது இவர் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் அதிகம் இல்லை. பாப்பாவுக்குக் கொக்கு காட்டினார். பிறகு, "பத்து வருசமா உள்ள இருந்துதான் கேட்டைப் பாத்திருக்கேன். அந்தப் பக்கம் ஆளுக இப்படி நிப்பாங்கன்னு தெரியும். ஆனா பாத்ததில்ல" என்றார்.

எனக்குச் சொன்னாரா, கொக்குக்குச் சொன்னாரா?

2 ஜூலை

மேடம் திட்டத்தை விடவில்லை. என்ன மாற்றலாம் என்று கேட்டார், எழுதிக் கொடுத்தேன். தனிப் படம் வேண்டாம். மாலையில் எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்த பிறகு, கூட வேலை பார்ப்பவர்களோடு நிற்க வைத்துப் படம் எடுக்கலாம். சேர்ந்த தேதி மட்டும் போதும். பூவிதழ் வேண்டாம், வானம் வேண்டாம். போனில் அனுப்புவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டும். சங்கிலிமுத்து அண்ணன் பெட்டியிலிருந்து போனை எடுத்துக் கொடுக்கும்போது அட்டையையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

கடைசியாக ஒரு வரி, அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்: ஐந்தரைக்கு மேல் அனுப்பவும்.

மேடம் படித்துவிட்டு, "உங்களுக்கு இது எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்த யூனிட்டில்தான் போர்மேன் என்றேன். இத்தனை மாதமாக மேடத்துக்கு அது தெரியாதாம்.

8 ஜூலை

வள்ளித்தாய் அக்கா நேற்று வேலைக்கு வந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

11 ஜூலை, வெள்ளி

அக்காவின் புது அட்டை. ஒன்பது பெண்கள், ஒன்பது வெள்ளி முகங்கள், நடுவில் அக்கா. படம் எடுக்கும்போது யாரோ என்னவோ சொல்ல, எல்லோர் வாயும் திறந்திருக்கிறது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து நிற்கிறோம் என்றார்கள், இப்படியே இருக்கட்டும் என்றேன். திருத்தம் எதுவும் செய்யவில்லை. '24.6.2010 முதல்' என்று மட்டும்.

வீட்டில் மாட்டியாயிற்று என்று ஆண்டிச்சாமி இவரிடம் சொல்லியிருக்கிறார். அக்காவின் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, தன் முகம் இதில் இல்லையே என்றாளாம்.

20 ஜூலை, ஞாயிறு

விக்னேஷ்வரன் சார் நம்பர் இருக்கா என்று இவர் கேட்டார். கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் போலிருந்தது.

23 ஜூலை

பாப்பா இன்று 'அப்பா ஆபீ' என்றாள். ஆபீஸாம்.

2 ஆகஸ்ட், சனி

ஆகஸ்ட் கடைசி வரைதான் வருவேன் என்று இவர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டாராம். என்னிடம் சொன்னது நான் சோற்றில் ரசம் ஊற்றும்போது. ரசம் தட்டைத் தாண்டி ஓடியது. இரண்டு பேரும் துடைத்தோம்.

இவருக்குக் கீழே வேலை பார்க்கும் சரவணக்குமாருக்குப் போர்மேன் பயிற்சி முடிந்து சர்டிபிகேட் வந்துவிட்டது. ஒரு மாதம் கூடவே வைத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறார். "அவன் கை நல்ல கை. அவசரப்படமாட்டான்" என்றார், இரண்டு முறை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

சீசன் உச்சம். அண்ணாச்சி கூப்பிட்டு, "சீசன்ல கழுத்தறுக்கியேப்பா, தீபாவளி முடிச்சிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். இவர் சாயங்காலம் காலண்டரை எடுத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி அக்டோபர் இருபது. நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணவே கூடாது என்றிருந்தேன், எண்ணிவிட்டேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

மேடம் இன்று சொன்னது: செப்டம்பர் ஒன்று செல்வக்குமாருக்குப் பத்து ஆண்டு. பெரிய அளவில் அட்டை, சட்டம் போட்டு. யூனிட் வாசலில் சின்ன விழா, அண்ணாச்சி கையால். "நீங்களே பண்ணுங்க எழில், யாரைவிடவும் நல்லா வரும். ஒரு மரியாதை செஞ்சா மனுசனுக்கு மனசு மாறும்லா" என்றார். கள்ளமில்லாமல்தான் சொன்னார். செய்கிறேன் என்றேன்.

அவரை அங்கேயே இருத்தி வைக்கிற அட்டையை நான்தான் செய்ய வேண்டும்.

கோப்பைத் திறந்து பெயர் வைத்தேன்: 41. மூடிவிட்டேன்.

19 ஆகஸ்ட்

திறந்தேன். மூடினேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

சுமாராக ஒன்று செய்து கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. முடியவில்லை. வந்ததே நன்றாக வந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் எடுத்த படம், கேட் வேப்ப மரத்தடியில் சரவணக்குமாரோடும் மற்ற ஆட்களோடும். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. '1.9.2015 முதல்'. நான் செய்ததிலேயே இதுதான் நல்ல அட்டை.

'முதல்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது முடியாது போலவே இருக்கிறது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். விழா இருக்கிறது, அண்ணாச்சி கையால் கொடுக்கப்போகிறார், மேடம் ஏன் செய்யச் சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல இன்னும் நிறைய இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார். பொத்தான் இல்லாத இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுக்குத்தான பத்துன்னு நின்னேன்" என்றார். பிறகு, "தேதியை மாத்து. ஒன்பது வருசம், பதினோரு மாசம், முப்பது நாள்னு போடு."

"அப்படி யாராவது அட்டை போடுவாங்களா?"

"நீ போடு. ஆளுக்கு ஒரு டிசைன்னு உங்க மேடந்தான சொன்னாங்க."

நான் எழுந்து அடுக்களைக்குப் போய் வெறும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

25 ஆகஸ்ட்

மேடத்திடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "உங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்றார். பயந்துகொண்டு இருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

30 ஆகஸ்ட், சனி

ஐந்தரைக்கு நானும் பாப்பாவும் கேட்டுக்குப் போனோம். சங்கிலிமுத்து அண்ணன் பதினேழாம் அறையிலிருந்து போனை எடுத்து, கூடவே அட்டையையும் கொடுத்தார். அண்ணாச்சி வரவில்லை. ஒரு வேட்டி சட்டை கொடுத்தனுப்பியிருந்தார். வள்ளித்தாய் அக்கா அட்டையை வாங்கி மற்ற பெண்களுக்கு வாசித்துக் காட்டினார். "முப்பது நாளுமா எண்ணிப் போட்ருக்கா, பொண்டாட்டிய வச்சுக் கணக்கெழுதினா இப்படித்தான்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பெண் மட்டும் வேப்ப மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சரவணக்குமாரின் சம்சாரம், மாசமாக இருக்கிறாள். அவளிடம் போய் என் நம்பரைக் கொடுத்தேன். எதுக்குக்கா என்று கேட்டாள். சும்மா, பகலில் பேசத் தோன்றினால் பேசு, நான் ஆபீஸில்தான் இருப்பேன் என்றேன். வாங்கிக்கொண்டாள்.

1 செப்டம்பர், திங்கள்

காலையில் பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொன்றாம் வரிசையை நீக்கிவிட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு அந்த இடத்துக்கு ஏறி வந்திருந்தது. பேக்கிங்கில் ஒரு அண்ணன், ஐந்து ஆண்டு. அவர் அட்டையை முடித்து, மேலே 'ஐந்தரைக்கு மேல் அனுப்பவும்' என்று எழுதி வைத்தேன்.

பதினொன்று பத்துக்கு என் போன் அடித்தது. திரையில் இவர் பெயர்.

இந்த நேரத்தில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. வந்தால் பேசுவது வேறு யாராகவோதான் இருக்கும் என்று நான்கு வருடமாகத் தெரியும். நவநீதகிருஷ்ணன் சார் திரும்பிப் பார்த்தார். நான்காவது தடவை மணி அடித்தபோது எடுத்தேன்.

பின்னால் விக்னேஷ்வரன் சார் பிரஸ்ஸின் கட்டிங் மெஷின் சத்தம், தாள் அடுக்கும் சத்தம்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான். இங்கன வாசல்ல பிஞ்சு கத்தரிக்கா வந்திருக்கு. வாங்கவா?"

வாங்கிட்டு வாங்க என்றேன். எம்புட்டு என்று கேட்டார். அரைக் கிலோ என்றேன்.